தூண்டிலின் அறமும் எண்ணெயின் விலையும்

கருவிக்கு அறம் உண்டா என்ற வினா பழையது. கத்தி காயையும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். குற்றம் கையினுடையதேயன்றிக் கத்தியினுடையதன்று என்பர் ஒரு சாரார். கருவி உருவாகும்போதே அது யாருக்கு உழைக்கும், எதனை அழிக்கும் என்பது பெரும்பாலும் தீர்மானமாகி விடுகிறது என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கைப் பள்ளிக்கூடத்து விவாத அரங்கில் ஒரு மணி நேரத்திற் பேசி முடித்துவிடலாம். ஆனால் மீன்பிடித்து வாழும் ஒரு கரையில் இதே வழக்கு நாள்தோறும் நடக்கிறது. அங்கே தீர்ப்பு வழங்குவது மண்ணெண்ணெய்ப் பீப்பாவும் வியாபாரியின் தராசும் வீட்டு அடுப்பும் ஆகும். ஆதலின் இவ்வினாவை நாம் அரங்கிலிருந்து இறக்கிக் கல்குடாக் கரைக்குக் கொண்டு செல்ல விரும்புகிறோம்.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் தொலைவில் கல்குடா இருக்கிறது. அதற்கு அணித்தே பாசிக்குடா. சற்று அப்பால் மீன்பிடித் துறைமுகத்தையுடைய வாழைச்சேனை. தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழில் செய்துவரும் பகுதி இது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி அடித்த சூறாவளியையும், முப்பதாண்டு நெருங்கிய போரையும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி எழுந்த கடற்கோளையும் கண்டு மீண்ட மக்கள் இவர்கள். இலங்கையின் கீழ்க்கரையில் கண்டமேடை ஒடுங்கியது. கரையிலிருந்து நெடுந்தூரம் செல்லுமுன்னரே ஆழ்கடல் தொடங்கிவிடுகிறது. ஆதலால் வேறு நாட்டு மீனவன் பல நாட் பயணஞ்செய்து தேடவேண்டிய சூரைமீனை, இக்கரையின் சிறுபடகுக்காரன் விடியற்காலையிற் புறப்பட்டு மாலைக்குள் தேடித் திரும்ப முடிகிறது. இயற்கை இவனுக்கு அளித்த பெரிய சலுகை இது. இச்சலுகையை அவன் எவ்வாறு பயன்படுத்துகிறான், எவ்வளவுதூரம் பயன்படுத்த விடப்படுகிறான் என்பதே நமது பொருள்.

சூரையைப் பிடிக்கும் வழிகள் பல. அவற்றுள் ஒன்று, ஓடும் படகின் பின்னால் தூண்டிற் கயிறுகளை இழுத்துச் செல்வது. இதனை இழுவைத் தூண்டில் என்று அழைப்போம். படகின் இரு புறமும் மூங்கிற் கம்புகளை நீட்டி, கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காதவாறு விடுவர். முனையிலே இறகாலோ றப்பராலோ தகட்டாலோ செய்த பொய்யிரை. அது நீரைக் கிழித்து ஓடும்போது சிறுமீனென மயங்கிப் பெருமீன் கவ்வும். மேல்மட்டத்தில் இழுக்கும் தூண்டிலுக்கு வருவன பெரும்பாலும் வரிச்சூரையும், அதனோடு கூட்டங்கூடித் திரியும் மஞ்சட் துடுப்புச் சூரையின் குஞ்சுகளுமே. வளர்ந்த மஞ்சட் துடுப்புச் சூரை ஆழத்தை விரும்புவது. அதனை எட்டுவதற்கே ஆழ் இழுவைத் தூண்டில் அமைக்கப்பட்டது. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டுவது ஒரு முறை. நீரின் அழுத்தத்தாற் கீழ்நோக்கி முக்குளிக்கும் சாய்பலகையொன்றைப் பூட்டுவது மற்றொரு முறை. இப்பலகை கயிற்றை ஆழத்திற்கு இழுத்துச் செல்லும். மீன் கவ்வியதும் சரிவு மாறி மேலெழுந்து மிதக்கும். படகிலிருப்பவன் அதனைக் கண்டு கயிற்றை வாங்குவான். வேகம் கூடினால் ஈயங்கட்டிய கயிறு மேலே வந்துவிடும். குறைந்தால் பொய்யிரை உயிரிழந்து தொங்கும். எடை, கயிற்றின் நீளம், படகின் வேகம் ஆகிய மூன்றையும் ஒத்திசைப்பதே இதன் வித்தை. பறவைகள் வட்டமிடும் இடத்தையும், நீரின் நிறம் மாறும் கோட்டையும் படித்தறிந்த கண்ணுக்கு இக்கருவி ஆழத்தில் நீளும் ஒரு கையாக அமைகிறது.

இக்கருவியின் இயல்பைச் சற்று நோக்குவோம். ஒரு தூண்டில் ஒரு நேரத்தில் ஒரு மீனையே பிடிக்கும். ஆமை மேலே வந்தால், அல்லது வேண்டாத மீன் அகப்பட்டால், உயிரோடு விடுவிக்க இயலும். மஞ்சட் துடுப்புச் சூரை ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம் வளர்ந்த பின்னரே பெரும்பாலும் இனப்பெருக்கத்திற்குத் தகுதி பெறுகிறது. ஆழத்தில் நாடப்படுவது அப்பருவத்தை எட்டிய மீனாதலால், குஞ்சுகளுக்கு வளர அவகாசம் கிடைக்கிறது. பிடித்த உடனேயே இரத்தம் வடித்துப் பனிக்கட்டியில் வைக்கலாம். வெயிலிற் கிடந்த சூரையில் நச்சுப்பொருள் தோன்றி உண்பவருக்கு ஊறு செய்யும் என்பது தெரிந்ததே. ஒவ்வொன்றாகப் பிடிபடும் மீனுக்கு அவ்வாபத்துக் குறைவு. சுருங்கச் சொன்னால், கடலுக்கும் உண்பவனுக்கும் ஒருங்கே நல்லதான கருவிகளுள் இது ஒன்று.

இதனோடு ஒப்பிட்டு மற்றக் கருவிகளைப் பாருங்கள். இழுவை என்ற சொல் இழுவைமடிக்கும் பொது. ஆனால் இழுவைமடி கடலின் அடித்தரையையே வாரிச் செல்கிறது; வேண்டியதையும் வேண்டாததையும், தாயையும் குஞ்சையும், அவை வாழும் இருப்பிடத்தையும் ஒருசேர அள்ளுகிறது. பாக்கு நீரிணையில் இவ்விழுவைமடி விளைத்த நாசத்தை வடபுலத்து மீனவர் நன்கறிவர். 2017ஆம் ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் அடித்தள இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. மேற்கு இந்து சமுத்திரத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்து தொழில் செய்துவரும் ஐரோப்பியப் பெருங் கப்பல்களின் சுருக்குவலைகளை எடுத்துக்கொண்டால், அவை ஒரே வளைப்பிற் பல தொன் மீனை முடக்கிவிடுகின்றன. மீனைக் கூட்டுவதற்காக அவர்கள் கடலில் விடும் மிதக்கும் பொறிகள் செய்மதியின் துணையால் தாமிருக்கும் இடத்தைத் தாமே அறிவிக்கின்றன. அப்பொறிகளின் நிழலிற் கூடுவனவற்றுள் மஞ்சட் துடுப்புச் சூரையின் குஞ்சுகள் ஏராளம். குஞ்சைத் தெரிந்து விலக்கும் வழி அவ்வலைக்கு இல்லை.

எனவே குற்றம் கையினுடையதே, கருவியினுடையதன்று என்ற முதற் சாராரின் வாதம் இங்கே நிற்கவில்லை. எத்துணை நல்லவனாயினும், இழுவைமடியைக் கையாள்பவன் தான் அழிக்க எண்ணாததையும் அழிக்கிறான். தூண்டிற்காரனுக்குத் தேர்ந்து கொள்ளவும் விட்டுவிடவும் வழியுண்டு. மடிக்காரனிடமிருந்து அவ்வழியைக் கருவியே பறித்துக் கொள்கிறது. மனிதனுக்குத் தெரிவை அளிக்கும் கருவியென்றும், தெரிவைப் பறிக்கும் கருவியென்றும் இருவகை உண்டு. அறம் தெரிவிலேதான் பிறக்கிறதெனில், கருவிக்கும் அறத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்வது எங்ஙனம்?

கடல் வற்றாதது என்று நம்பப்பட்ட காலத்தில் இவ்வினா எழாமற் போனதில் வியப்பில்லை. ஒல்லாந்து நாட்டுச் சட்ட அறிஞர் கியூகோ குரோசியசு 1609ஆம் ஆண்டில் ‘சுதந்திரக் கடல்’ என்ற நூலை வெளியிட்டார். காற்றைப்போலக் கடலும் எவராலும் கைப்பற்றத் தகாதது, அதன் பயன் எடுக்க எடுக்கக் குறையாதது, ஆதலால் எல்லாருக்கும் பொது என்பது அவர் வாதம். கேட்பதற்கு எவ்வளவு பெருந்தன்மையான கொள்கை! ஆனால் அது எழுதப்பட்டது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் வழக்குக்காக. அக்கொம்பனியின் படையே 1638ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. எல்லாருக்கும் பொதுவான கடல்வழியே வந்தவர்கள் கரையைத் தமக்கேயுரியதாக்கிக் கொண்டனர். 1883ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த மீன்பிடிக் கண்காட்சியிலே தோமஸ் ஹக்ஸ்லி என்ற பெரும் விஞ்ஞானி, பெருங்கடல் மீன்வளங்கள் தீராதவை என்று அக்காலத்து மீன்பிடி முறைகளை மனத்திற் கொண்டு பேசினார். அம்முறைகள் மாறிவிட்டன. 2015ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்து சமுத்திரத்தின் மஞ்சட் துடுப்புச் சூரை அளவு மீறிப் பிடிக்கப்பட்ட இனமாயிற்று. 2016ஆம் ஆண்டில் இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு பிடிப்பைக் குறைக்கும் தீர்மானத்தை ஏற்றது. 2024ஆம் ஆண்டின் புதிய மதிப்பீடு நிலைமை தேறியிருப்பதாகக் கூறுகிறது, மகிழ்ச்சியே. ஆயினும் குறையாதது என்று எண்ணியது குறையக்கூடியது என்பதை இப்பத்தாண்டு அனுபவம் ஐயந்திரிபற நிறுவிவிட்டது. குறையக்கூடிய பொதுச்சொத்தில் எடுக்கும் முறை ஒவ்வொன்றும் அறவினாவாகும்.

அப்படியாயின் விடை எளிதன்றோ? நல்ல கருவியைக் கொடுத்துவிடுவோம், நன்மை தானே விளையும் என்று இரண்டாம் சாராரைச் சேர்ந்த நல்லெண்ணக்காரர் பலர் முடிவு கட்டுகின்றனர். திட்டங்களும் நன்கொடைகளும் பயிற்சி முகாம்களும் இந்நம்பிக்கையிலேயே பிறக்கின்றன. இந்நம்பிக்கையையும் வரலாற்றின் முன் நிறுத்திச் சோதிக்கவேண்டும்.

இலங்கையில் 1950களின் பிற்பகுதியில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் வந்தன. அதனையடுத்து நைலோன் வலை வந்தது. 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. நாட்டின் மீன் உற்பத்தி பெருகியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் படகைப் பெறவும், பழுதுபார்க்கவும், கடனைக் கட்டவும் வல்லவர் யார்? ஏற்கெனவே கையிற் சிறிது முதல் உள்ளவரே. தன் தோணியில் தானே தலைவனாயிருந்தவன் பிறர் படகிற் பங்குக்கு உழைப்பவனானான். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளில் நாட்டின் மீன்பிடிப் படகுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அழிந்தோ சேதமுற்றோ போயின. உலகம் இரங்கிப் படகுகளை அள்ளி வழங்கியது. சிறுபடகுகள் சில கரைகளில் இழந்ததற்கு மேலாகவும் வந்து குவிந்தன; இழந்தவனுக்குக் கிடைக்காமற் போனதும் உண்டு, இழக்காதவனுக்குக் கிடைத்ததும் உண்டு. படகு கொடுத்தவர்கள் எண்ணெய்க்கும் பனிக்கட்டிக்கும் சந்தைக்கும் வழி சொல்லவில்லை. கருவி வந்தது, அதனைச் சுற்றியுள்ள உறவுகள் மாறவில்லை.

இழுவைத் தூண்டிலின் கதையில் இவ்வுண்மை இன்னும் கூர்மையாக விளங்குகிறது. இக்கருவியின் மூன்று குணங்களை மேலே சொன்னோம். நான்காவது குணம் ஒன்றுண்டு. இது எண்ணெய் குடிக்கும் கருவி. செவுள்வலைக்காரன் மாலையில் வலையை விட்டு இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரவெல்லாம் மிதக்கலாம். அவ்வலையில் ஆமையும் ஓங்கிலும் சிக்கி மாளக்கூடும். ஆனால் அந்நேரத்திற்கு எண்ணெய்ச் செலவில்லை. இழுவைத் தூண்டிலோ படகு ஓடினால்தான் உயிர்பெறும். மீன் கவ்வினாலும் கவ்வாவிட்டாலும் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கவேண்டும். கடலுக்கு இரங்கும் முறை மீனவனின் மடியைக் கரைக்கும் முறையாகவும் இருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக மட்டும் சொல்கிறோம்: வெளியிணைப்பு இயந்திரம் மணிக்கு 5 லீற்றர் மண்ணெண்ணெய் எரிப்பதாகவும், தொழில் 6 மணி நேரம் நடப்பதாகவும் கொள்வோம். ஒரு நாளுக்கு 30 லீற்றர். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு மண்ணெண்ணெய் உயர்த்தப்பட்டது. நேற்று 2,610 ரூபாவாயிருந்த செலவு இன்று 10,200 ரூபா. அன்றைய மீன் 20,000 ரூபாவுக்கு விலைபோனதாக வைத்துக்கொள்வோம். பங்குமுறை கரைக்குக் கரை வேறுபடும். பெரும்பாலும் செலவு முதலிற் கழியும், எஞ்சியதிற் பாதி படகுக்கும் கருவிக்கும், மறு பாதி உழைத்தவர்க்கும். மற்றச் செலவுகளை விட்டுவிடுவோம். பழைய விலையில் எஞ்சுவது 17,390; உழைத்த இருவருக்கும் தலைக்கு 4,347 ரூபா 50 சதம். புதிய விலையில் எஞ்சுவது 9,800. தலைக்கு 2,450 ரூபா. உழைப்பு அதே உழைப்பு. மீன் அதே மீன். மீனே படாத நாளிலோ 10,200 ரூபாவும் கடனாக எழுதப்படும். பின்னர் எண்ணெய் விலை படிப்படியாகக் குறைந்தது உண்மை. ஆயினும் பழைய 87 ரூபாவுக்கு அது திரும்பவில்லை. மீன் விலையும் ஏறாதா என்று கேட்கலாம். ஏறும். ஆனால் முற்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைக் கொடுக்கக் கடமைப்பட்டவன் அவ்வேற்றத்தைத் தராசின் மறுதட்டிற் காண்பதில்லை.

இப்பொழுது நமது வினா உருமாறிவிடுகிறது. கருவிக்கு அறம் உண்டா என்று கேட்டோம். உண்டு என்று கண்டோம். அடுத்த வினா, அவ்வறத்தின் விலையை யார் கொடுப்பது என்பதாகும்.

தூண்டிலைப் பயன்படுத்து, வலையை விடு, கடலைக் காப்பாற்று என்று மீனவனுக்குப் போதிப்பது எளிது. தூண்டிலிற் பிடித்த சூரை என்று முத்திரையிட்டு மேனாட்டுக் கடைகளில் விற்பதும் நடக்கிறது. மாலைதீவின் கம்புத் தூண்டில் வரிச்சூரைக்கு 2012ஆம் ஆண்டில் அனைத்துலகச் சான்றிதழ் கிடைத்தது. அம்மக்களின் மரபுக்கு அது தகுந்த பெருமையே. ஆனால் பொதுவிதி ஒன்றை இங்கே நாம் கவனிக்கவேண்டும். கடல் காப்பாற்றப்படுவதாற் பயன் பெறுவோர் உலகத்தார் அனைவரும். அதற்கான செலவைத் தாங்குபவன் கல்குடாவின் சிறுபடகுக்காரன் ஒருவனே. எல்லாருக்கும் பொதுவான நன்மைக்கு ஏழை ஒருவன் தன் கூலியிலிருந்து வரி கட்டுகிறான். இவ்வரியை விதித்தவர் எவரும் தம்மை வரி விதிப்பவராகக் கருதுவதில்லை; தாம் ஒழுக்கம் கற்பிப்பதாகவே எண்ணுகின்றனர். பிறர் செலவில் அறம் பேசுவது பழைய நோய். உழுபவனுக்குச் சிக்கனமும், நெய்பவனுக்குப் பொறுமையும், மீனவனுக்கு இயற்கைப் பாதுகாப்பும் போதிக்கப்படுவதில் நாம் ஒரே குரலைக் கேட்கிறோம்.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து வரும் வாதமும் ஒன்றுண்டு. பசித்தவனுக்கு எந்தக் கருவியும் நியாயமே. கடலைப்பற்றிக் கவலைப்படுவது வயிறு நிறைந்தவனின் ஆடம்பரம் என்பது அது. முற்போக்கு நோக்குடையோரிடையேயும் இவ்வாதத்திற்குச் செல்வாக்குண்டு. இதனை நாம் ஏற்பதற்கில்லை. கடல் வறண்டால் முதலிற் பட்டினி கிடப்பவன் யார்? பெருங்கப்பல் வேறு சமுத்திரத்திற்குப் போய்விடும். அதன் முதல் வேறு தொழிலுக்குப் போய்விடும். சிறுபடகுக்காரனுக்கு இக்கரையைத் தவிர வேறு கரை இல்லை. கடலின் நாளையைப்பற்றி மிகுதியாகக் கவலைப்படவேண்டிய தேவையும் உரிமையும் உடையவன் அவனே. நாளையைப் பாதுகாக்க விரும்பும் அவனை இன்றைய கடன் விடுவதில்லை. அறியாமையாலோ பேராசையாலோ அவன் குஞ்சைப் பிடிப்பதாகச் சொல்வது அவனை இழிவுபடுத்துவதாகும். தெரிவைப் பறிக்கும் கருவியைப்போலவே தெரிவைப் பறிக்கும் வறுமையும் அறத்திற்குப் பகை.

கட்டுப்பாடு என்பது இம்மக்களுக்குப் புதிதுமன்று. பரதவர் முழுநிலா நாளிற் கடலுக்குச் செல்லாது சுறவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை பேசுகிறது. கரைவலைத் தொழிலில் முறைவைத்து வலை விடும் வழக்கம் இலங்கைக் கரைகளிற் பழையது. இன்று நீ, நாளை நான். நல்ல பருவமும் மோசமான பருவமும் எல்லாருக்கும் சுழன்று வரும். ஆனால் முறை மட்டும் போதாது என்பதற்கும் இந்நாட்டிலேயே சான்றுண்டு. தென்கரையிலுள்ள மாவெல்ல என்ற கிராமத்தின் கரைவலைத் தொழிலை ஆராய்ந்து போல் அலெக்சாந்தர் 1982ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அங்கே முறை நேர்மையாகச் சுழன்றது. ஆனால் வலைகளின் தொகை தேவைக்கு மேற் பெருகியது. பெருக்கத்தைத் தடுக்கச் சட்டமிருந்தும், செல்வாக்குடையோரின் தலையீட்டால் அது நடைமுறைக்கு வரவில்லை. தலைக்குக் கிடைக்கும் பங்கு தேய்ந்தது. பொதுவளங்களை மக்களே ஆள முடியும் என்று நிறுவி 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்ற எலினோர் ஒஸ்ரம், தமது 1990ஆம் ஆண்டு நூலில் மாவெல்லவைத் தோல்வியின் எடுத்துக்காட்டாகக் கையாண்டார். வகுத்த விதியைக் காத்து நிற்கும் அதிகாரம் மக்கள் கையில் இல்லாதபோது அவ்விதி செத்த எழுத்தாகிவிடுகிறது என்பதே அதன் படிப்பினை.

இவ்விடத்தில் இன்னொரு சிக்கலையும் ஒளியாது பேசவேண்டும். மேற்குக் கரையிலே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கீழ்க்கடல் அமைதியாயிருக்கும். அப்பொழுது நீர்கொழும்பு, சிலாபம் முதலிய கரைகளிலிருந்து மீனவர் கீழ்க்கரைக்கு இடம்பெயர்ந்து வந்து தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். போருக்குப்பின் இது பல இடங்களிற் பூசலுக்குக் காரணமாகியிருக்கிறது. கடல் எங்களது என்று உள்ளூரார் சொல்ல, கடல் எல்லாருக்கும் பொது என்று வந்தவர் சொல்கின்றனர். வந்தவனும் கடன்பட்ட உழைப்பாளியே; தன் கரையில் அலை எழும் மாதங்களில் அடுப்பெரிய வழிதேடி வந்தவன். அவனை இனத்தின் பெயரால் பகைவனாக்குவோரின் உள்நோக்கத்தை நாம் அறிவோம். அதே வேளையில், கடல் எல்லாருக்கும் பொது என்ற வாசகத்தைக் குரோசியசின் பொருளிற் கையாளவும் இயலாது. எத்தனை படகு, எந்த வலை, எந்தப் பருவம் என்பதை அக்கரையில் ஆண்டு முழுவதும் வாழ்பவர்கள் வகுக்கவேண்டும். வருபவர்கள் அவ்விதியின்கீழ்ப் பங்காளிகளாக வரவேண்டும். விதியில்லாப் பொதுமை வலுத்தவனின் தனியுடைமையாகவே முடியும்.

இதே நியாயம் உலக அரங்கிலும் பேசப்படுகிறது. 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை கரையோர நாடுகளுக்கு 200 கடல்மைல் வரை பொருளாதார உரிமை அளித்தது. 65,610 சதுர கிலோமீற்றர் நிலமுடைய இலங்கைக்கு 5,17,000 சதுர கிலோமீற்றர் கடல் இவ்வாறு உரித்தாயிற்று. ஆனால் சூரைக்கு எல்லைக்கோடு தெரியாது. அது சமுத்திரமெங்கும் சஞ்சரிக்கும் மீன். அதனைப் பங்கிடுவது எப்படி என்று இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழுவில் ஆண்டுக்கணக்காக வாதம் நடக்கிறது. முன்பு எவ்வளவு பிடித்தோமோ அவ்விகிதத்தில் இனியும் பங்கு வேண்டும் என்பது தூரதேசக் கப்பல்களையுடையோரின் வாதம். அதாவது, அளவு மீறிப் பிடித்தவனுக்கு அம்மீறலே உரிமைப் பத்திரமாகிறது. கருவியில்லாமையாற் குறைவாகப் பிடித்தவனுக்கு அவ்வறுமையே விலங்காகிறது. 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் மொம்பாசாவிற் கூடிய அவ்வாணைக்குழு, மிதக்கும் பொறிகளுக்கு ஆண்டில் 72 நாள் ஓய்வு விதிக்கும் தீர்மானத்தை வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபம் கிளப்பித் தன்னை விடுவித்துக் கொண்டது. இதே ஒன்றியம், சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியதாகக் குற்றஞ்சாட்டி 2015ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து 2016ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை இலங்கை மீனுக்குத் தடை விதித்திருந்தது. இலங்கையின் குறைகளை நாம் மறைக்கவில்லை. விதி இருவருக்கும் ஒன்றாயிருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

கரையிலோ வேறொரு நெருக்கடி. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் வரிசையாக எழுந்தன. தோணியை ஏற்றவும் வலையை உலர்த்தவும் கரைக்குச் செல்லவும் மீனவருக்கிருந்த இடம் சுருங்கியது. விருந்தினரின் தட்டில் சூரைக்கு இடமுண்டு. அதனைக் கொணர்ந்தவனின் படகுக்குக் கரையில் இடமில்லை என்ற நிலை எவ்வளவு விபரீதமானது! படகை நிறுத்த இடமில்லாதவனிடம் ஆழ் இழுவைத் தூண்டிலின் அருமையை விளக்குவதில் என்ன பயன்?

எனவே கருவியைப்பற்றிய வினா கடனையும் கரையையும் சந்தையையும் அதிகாரத்தையும் பற்றிய வினாவாக விரிகிறது. இவ்வாறு விரித்துக் கொண்டே போனால் எதுவும் செய்ய இயலாது என்று சோர்ந்துவிடுவதற்கில்லை. செய்யத்தக்கவை தெளிவானவை. கடலுக்கு இரங்கும் முறையிற் பிடிக்கும் சிறுபடகுக்கு எண்ணெய்ச் செலவின் ஒரு பகுதியைப் பொதுப்பணம் ஏற்கவேண்டும். அது பிச்சையன்று, அவன் நமக்காகச் செய்யும் காவலுக்கு நாம் கொடுக்கும் கூலி. சாய்பலகையும் தங்கூசியும் பனிக்கட்டிப் பெட்டியும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுச்சொத்தாக இருந்தால், முதலில்லாதவனும் அவற்றைக் கையாளலாம். மீனில்லாத நாளின் நட்டத்தைச் சங்கத்தின் சேமநிதி ஏற்றால், முற்பணக்காரனின் தராசிலிருந்து விடுதலை பிறக்கும். பிடித்த மீன் எந்த விலைக்குக் கொழும்பிலும் அப்பாலும் விற்கிறது என்ற செய்தி கரையை எட்டினால், பேரம் பேசும் நாவுக்கு வலு வரும். கூட்டுறவு என்ற பெயரிற் கட்சிக்காரரின் கூடாரங்களாகிப்போன சங்கங்களை நாம் கண்டிருக்கிறோம். அதற்குத் தீர்வு கூட்டுறவைக் கைவிடுவதன்று, அதனை உழைப்பவர் கைக்கு மீட்பதே.

ஆழ் இழுவைத் தூண்டிலுக்கும் எல்லையுண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பருவமடைந்த பெருமீன்தான் முட்டையிடும் மீனும். அதனை மட்டுமே குறிவைத்து எல்லாரும் ஆழத்திற்கு இறங்கினால் வேறொரு குறை விளையும். எக்கருவியும் அளவு கடந்தால் நன்மை திரியும். அவ்வளவை வகுக்க அறிவியலும் வேண்டும், பல்லாண்டு கடலைப் படித்தவனின் அனுபவமும் வேண்டும். ஆய்வுகூடத்தார் மீனவனிடம் பாடங்கேட்பதும், மீனவன் ஆய்வுகூடத்தின் கணக்கைத் தன் மொழியிற் படிப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகள்.

இங்கேதான் ஆசிரியர்களும் மாணவர்களும் வருகின்றனர். நமது பாடப்புத்தகங்களில் மீன் உண்டு, கடல் உண்டு. அவற்றிடையே நிற்கும் மனிதனின் கணக்குப் புத்தகம் இல்லை. கல்குடாவிலும் வாழைச்சேனையிலும் படிக்கும் பிள்ளைகளுட் பலர் அக்கணக்கு எழுதப்படும் வீடுகளிலிருந்தே வருகின்றனர். எண்ணெய், பனிக்கட்டி, படகுப் பங்கு, முற்பணம், மீன்விலை ஆகியவற்றை ஒரு பருவம் முழுதும் குறித்துவைத்து வகுப்பிலே கூட்டிப் பார்க்கச் செய்யுங்கள். அது நல்ல கணிதம், நல்ல பொருளியல். அறநூற் பாடமாகவும் அது விளங்கும். அதனைக் கூட்டிமுடித்த பிள்ளை, கடலைக் காப்பாற்றுங்கள் என்ற சுவரொட்டியைக் காணும்போது, செலவு யாருடையது என்று கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை சிறுபடகுக்காரனுக்கில்லை; அவன் பிடித்த மீனை உண்ணும் நம் எல்லாருக்கும் உண்டு.